பிளாஸ்டிக் கூரையும் அதன் ஆயுளும்

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது நாம் நிரப்ப வேண்டிய படிவத்தில் கட்டிடங்களின் நிலைமைக்கென ஓர் இடம் உண்டு. சுவர், தளம், கதவு, கூரை ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்து ஓரிரு சொற்களில் எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் பொதுத் தறிக்கூடத்தைப் பார்வையிட்டுவிட்டு, "கூரை நல்ல நிலையில் உள்ளது" என்று நாம் எழுதினோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்து எழுதிய வாக்கியம் அது. கல்நார்த் தகடுகளுக்கு நடுவே வெளிச்சத்திற்காகப் பதித்திருந்த பிளாஸ்டிக் தகடுகள் பழுப்பேறியிருந்ததை நாம் காணாமல் இல்லை. அது தூசியால் வந்த நிறமென்று எண்ணிக்கொண்டோம். அடுத்து வந்த ஐப்பசி மழையில், ஒழுக்கை அடைப்பதற்காகக் கூரைமேல் ஏறிய அங்கத்தினர் ஒருவரின் கால் அத்தகடுகளில் ஒன்றைப் பொத்துக்கொண்டு இறங்கியது. பாவு பூட்டியிருந்த தறியின்மேல் விழுந்தமையால் அவர் உயிர் தப்பினார். ஆயினும் இடுப்பெலும்பு முறிந்து, எட்டு மாத காலம் தறிக்குழியில் இறங்க இயலாதவரானார்.

பிளாஸ்டிக் கூரை எவ்வாறு மூப்படைகிறது என்பதை நாம் ஊன்றிக் கற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கற்றவற்றுள் நம் அங்கத்தினருக்குப் பயன்படுபவற்றை இங்கு கூற விரும்புகிறோம். நெசவாளருக்கு மட்டுமன்று. ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிகளில் ரோஜாவும் குடைமிளகாயும், நீலகிரியில் கார்னேஷன் மலரும் பசுமைக்குடிலில் பயிரிடும் விவசாய அங்கத்தினருக்கும் இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். அவர்கள் கடன் வாங்கி எழுப்பும் குடிலில் இரும்புச் சட்டம் பல்லாண்டு நிற்கும். அதன்மேல் விரித்த தாளோ சில ஆண்டுகளில் போய்விடும். "தாளுக்கு என்ன சார், கிழிந்தால் மாற்றிக்கொள்வோம்" என்று ஒரு விவசாயி நம்மிடம் கூறியதுண்டு. மாற்றுவதற்குப் பணம் எங்கே என்று கேட்டபோது அவரிடம் விடை இல்லை.

கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்

செடிகளை ஒளிபுகும் கூரையின்கீழ் வளர்ப்பது மேனாட்டில் நெடுநாளைய வழக்கம். அங்குக் கூரைக்குக் கண்ணாடியே பயன்பட்டது. அந்த முறையைப் பின்பற்றிய கட்டிடம் ஒன்றை நம் ஓசூர் விவசாயிகள் பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் கண்டிருப்பர். அக்கண்ணாடி மாளிகைக்கு 1889ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கண்ணாடி உடையுமே தவிர வெயிலில் மூப்படைவதில்லை. ஆனால் அது கனமானது, விலை மிக்கது, அதனைத் தாங்கும் சட்டமும் வலுவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மர்ட் என்னும் பேராசிரியர், கண்ணாடி வாங்க வசதியின்றி, 1948ல் பிளாஸ்டிக் தாளைக் கூரையாக விரித்துப் பயிர் வளர்த்துக் காட்டினார். ஏழை விவசாயியும் பசுமைக்குடில் அமைக்கலாம் என்ற நிலை அதிலிருந்து பிறந்தது எனலாம்.

இன்று நம் சங்கங்களில் காணும் பிளாஸ்டிக் கூரைகள் மூவகைப்படும். முதலாவது பாலித்தீன் தாள். பாலித்தீன் 1933ல் இங்கிலாந்தில் ஓர் இரசாயனச் சோதனையின்போது தற்செயலாகக் கிடைத்த பொருள். பசுமைக்குடில்களுக்குப் பெரும்பாலும் 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனமுள்ள தாள் உபயோகிக்கப்படுகிறது. இரண்டாவது, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்த தகடு. இதனையே பலரும் பைபர் ஷீட் என்கின்றனர். மூன்றாவது பாலிகார்பனேட் தகடு. 1953ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டறியப்பட்ட இப்பொருள் சம்மட்டியடியையும் தாங்க வல்லது. உள்ளே அறைகளோடு கூடிய இரட்டைச் சுவர்த் தகடாகவும் இது கிடைக்கிறது.

மூன்றுக்கும் முதற் பகைவன் சூரியனே. வெயிலில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் கலந்துள்ளன. வெயிலின் மொத்தச் சக்தியில் அவற்றின் பங்கு சுமார் இருபதில் ஒன்றுதான். ஆயினும் பிளாஸ்டிக்கை அழிப்பவை அவையே. எங்ஙனமெனில், பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட அணுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பொருள். நீண்ட இழைப் பருத்தியில் நூற்ற நூல் வலுவாகவும், குட்டை இழையில் நூற்றது தொட்டால் அறுவதாகவும் இருப்பதை நம் நெசவாளர் நன்கறிவர். புற ஊதாக் கதிர் அச்சங்கிலிகளைத் துண்டிக்கிறது. துண்டித்த முனையில் காற்றிலுள்ள பிராணவாயு வந்து ஒட்டிக்கொள்கிறது. அது மேலும் பல சங்கிலிகள் அறுபடக் காரணமாகிறது. நெடிய இழை நாளுக்கு நாள் குட்டை இழையாகிறது. பார்வைக்கு அதே தாள்தான், ஆனால் இழுத்தால் நீளாது, மடித்தால் முறியும். வெப்பம் மிகுந்தால் இந்த அழிவு விரைவுபடும்.

எவ்விதக் காப்பு மருந்தும் கலவாத பாலித்தீன் நம் நாட்டு வெயிலில் சில மாதங்களிலேயே நொறுங்கத் தொடங்கிவிடும். ஆகையால் பசுமைக்குடில் தாளில் புற ஊதாக் கதிரைத் தாங்கவல்ல மருந்து உற்பத்தியின்போதே சேர்க்கப்படுகிறது. பயிர்க்கூரைத் தாளுக்கென 2009ல் வெளியான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15827 ஆகும். கொள்முதல் செய்யும் சங்கம் இந்த எண்ணை விலைப்புள்ளிக் கோரிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். குறைந்த விலை என்பதற்காக மட்டும் ஒரு தாளைத் தேர்ந்தெடுத்த தீர்மானங்களை நாம் எத்தனையோ கண்டிருக்கிறோம். தரம் குறிப்பிடாதபோது, குறைந்த விலை கூறுபவர் எதைக் குறைத்தார் என்று யார் அறிவர்?

கனம் சரிதானா என்று அறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை, தராசு போதும். 200 மைக்ரான் பாலித்தீன் தாள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 184 கிராம் நிற்கும். 7 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமுமுள்ள ஒரு சுருள் 350 சதுர மீட்டர்; அதன் எடை சுமார் 64 கிலோ இருக்க வேண்டும். 52 கிலோதான் நின்றால் அது 160 மைக்ரான் தாள் என்பது வெளிப்படை. சுருளை இறக்கிய லாரி திரும்பிச் செல்லுமுன் இதனைச் செய்வது நலம்.

தாள் கூரை

நல்ல தாளுக்கு உற்பத்தியாளர் பெரும்பாலும் மூன்றாண்டு உத்தரவாதம் தருகின்றனர். இருந்தும் இரண்டாண்டு நிறையுமுன்னே கிழிந்த தாள்களை நாம் கண்டுள்ளோம். அவற்றில் கிழிசல் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், பெரும்பாலும் இரும்புக் குழாயின் மேல்தான். நடுப்பகலில் அக்குழாய் கைவைக்க முடியாத சூடேறுகிறது. மேலிருந்து வெயிலும் கீழிருந்து சூடும் ஒருங்கே தாக்குவதால், குழாயைத் தொடும் பகுதி மற்றப் பகுதிகளுக்கு முன்பே மூப்படைகிறது. குழாய் துருப்பிடித்திருந்தால் துருவும் அழிவைத் துரிதப்படுத்தும். குழாயைத் தொடும் இடங்களில் தாளின் வெளிப்புறத்தில் பட்டையாக வெள்ளைப் பூச்சு அடிப்பதே இதற்குப் பரிகாரம். பூச்சு தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகையாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பெயிண்டும் தின்னரும் தாளுக்கு ஆகா.

இரண்டாவது காரணம் விவசாயியின் கையிலேயே உள்ளது. ரோஜாவில் சாம்பல் நோய் கண்டால் கந்தகம் தெளிப்பதும், சிலர் குடிலுக்குள் கந்தகத்தைச் சூடாக்கி ஆவி பரப்புவதும் வழக்கம். நோய்க்கு அது நல்ல மருந்தே. ஆனால் தாளிலுள்ள காப்பு மருந்துகளுள் மிகப் பரவலானது காரத்தன்மை கொண்டது. கந்தகமோ வெயிலிலும் ஈரத்திலும் அமிலமாக மாறுவது. அமிலமும் காரமும் சேர்ந்தால் இரண்டும் செயலற்றுப் போகும் என்பது பள்ளிப் பாடம். இவ்வாறு காப்பு மருந்து தீர்ந்துபோன தாள், மருந்தே கலவாத தாளைப் போல வெயிலின்முன் நிராயுதபாணியாக நிற்கிறது. குளோரின் கலந்த பூச்சிமருந்துகளும் இதே கேட்டைச் செய்கின்றன. தாளின் உத்தரவாதப் பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தால் கந்தகத்திற்கும் குளோரினுக்கும் வரம்பு கட்டியிருப்பதைக் காணலாம். தாள் முன்கூட்டியே கிழிந்தது என்று முறையிடும்போது, கம்பெனிக்காரர் முதலில் ஒரு துண்டை எடுத்துச் சென்று பார்ப்பது அதையேயாகும்.

கந்தகமே கூடாதென்று நாம் கூறவில்லை. கந்தகத்தைத் தாங்கும்படி செய்த தாளைக் கேட்டு வாங்கலாம். நோய்க்கு மருந்துகளை மாற்றி மாற்றித் தெளிக்கலாம். தெளிக்கும்போது குழலைக் கூரைநோக்கிப் பிடிக்காதிருக்கலாம். கடைசியாகக் கூறியதற்குக் காசு செலவே இல்லை.

தாளை விரிக்கும் நேரமும் முக்கியமானது. உச்சி வெயிலில் விரித்து இழுத்துப் பூட்டினால், இரவுக் குளிரில் சுருங்கி விறைத்துப் பூட்டுமிடங்களில் கிழியும். கடுங்குளிரில் விரித்தால் பகலில் தொய்ந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். இவ்வாறு ஆயிரமாயிரம் தடவை மடங்கி நிமிர்வதே அதனை அறுத்துவிடும். காற்றில்லாத, மிதமான காலைப்பொழுதே ஏற்றது. நெளிகம்பியைப் பூட்டும்போது அதன் கூர்முனை தாளைக் கீறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாள் கிழியாமலே நஷ்டம் விளைவிப்பதும் உண்டு. அரசாங்க மானியத் திட்டங்களில் புதுத் தாளுக்குக் குறைந்தது 85 சதவீத ஒளி ஊடுருவல் வேண்டுமெனக் குறிக்கப்பட்டிருந்தது. தூசியும் பாசியும் படிந்த பின் அவ்வளவு ஒளி வருவதில்லை. நெதர்லாந்து நாட்டுப் பசுமைக்குடில் விவசாயிகளிடையே, ஒளி ஒரு சதவீதம் குறைந்தால் மகசூலும் ஒரு சதவீதம் குறையும் என்பது கைக்கணக்கு. நமக்குக் கோடையில் வெயில் வேண்டிய மட்டும் கிடைப்பதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பிப்ரவரி 14ஆம் தேதிச் சந்தைக்காக டிசம்பரில் கவாத்துச் செய்து, பனிமூட்ட நாட்களில் தளிர் வளர்க்கும் ஓசூர் விவசாயிக்கு அந்த ஒளி மிக அவசியம். மேலும், தாளின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகத் திரளாமல் வழிந்தோடச் செய்யும் மருந்தும் நாளடைவில் கழுவிப்போகிறது. பிறகு விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டும் நீர் மொட்டின்மேல் விழுந்து மொட்டழுகல் உண்டாகிறது. இதற்கும் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுவோர் ஒருமுறை கூரையையும் அண்ணாந்து பார்ப்பது நல்லது.

பாலிகார்பனேட்

இது விலை மிக்கது. பெரும்பாலும் பத்தாண்டு உத்தரவாதத்துடன் வருவது. உறுதிமிக்க இப்பொருளும் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்து, மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புக் காணும். ஆகவே தகட்டின் மேல் ஒரு காப்புப் படலம் சேர்க்கப்படுகிறது. அது தலைமயிரின் கனத்திற்கு மேற்படாத படலம். பெரும்பாலான தகடுகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. எந்தப் பக்கம் என்பது தகட்டின்மேல் ஒட்டி வரும் காகிதப் படலத்தில் அச்சிட்டிருக்கும். தச்சரோ வெல்டரோ அதனை முன்கூட்டியே உரித்தெறிந்துவிட்டால், பிறகு எந்தப் பக்கம் மேலென்று கண்ணால் கூறவே முடியாது. தலைகீழாகப் பதித்த தகடு முதலாண்டில் எவ்வித வேறுபாடும் காட்டாது. பின்னர் மஞ்சளிக்கும்போது "சரக்கு மட்டம்" என்ற பழி விற்றவர்மேல் விழும். தகட்டைப் பூட்டி முடித்த அன்றே ஒட்டுப்படலத்தை உரித்துவிடவும் வேண்டும். நாட்கணக்கில் வெயிலில் விட்டால் அது தகட்டோடு ஒட்டிக் காய்ந்துவிடும்.

அடுத்தது விரிவும் சுருக்கமும். பாலிகார்பனேட் இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரியக்கூடியது. 6 மீட்டர் நீளத் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகல் சூட்டிற்கும் இடையே 40 பாகை மாறினால், சுமார் 16 மில்லிமீட்டர் நீளும். திருகாணியின் பருமனுக்கே துளையிட்டு, "காற்றில் பறக்காதிருக்கட்டும்" என்று இறுக்கி முடுக்கினால், நீள இடமின்றித் தகடு துளையைச் சுற்றிலும் வெடிக்கும். கூரையிலிருந்து பகலில் 'டக், டக்' என்ற ஓசை கேட்பதாகச் சிலர் கூறுவர். இடம் கேட்டுத் தகடு எழுப்பும் குரல் அது. துளையைப் பெரிதாக இட்டு, அகன்ற வாஷருடன், தகடு நகரும்படி அளவாக முடுக்குவதே முறை. வாஷர் ஈ.பி.டி.எம். ரப்பராக இருக்கட்டும். வளைகின்ற பி.வி.சி. வாஷரிலுள்ள எண்ணெய் கசிந்து பாலிகார்பனேட்டை வெடிக்கச் செய்யும்.

இரட்டைச் சுவர்த் தகட்டின் அறைகள் கூரையின் சரிவோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். மேல்முனையை அலுமினிய நாடாவால் முற்றிலும் அடைத்து, கீழ்முனையில் காற்று புகும் நாடாவை ஒட்டினால் உள்ளே வியர்க்கும் நீர் வடிந்துவிடும். இரு முனைகளையும் திறந்து விட்ட தகடுகளுக்குள் பச்சைப் பாசியும் எறும்பும் குடியேறியிருப்பதைக் கண்டிருக்கிறோம். பிறகு அதனைச் சுத்தம் செய்ய வழியே இல்லை.

வெளிப்புறத்தைக் கழுவ, சாதாரண சோப்பு கரைத்த நீரும் மெல்லிய துணியும் போதும். சலவைச் சோடா, பெட்ரோல், தின்னர், நார்த்தேய்ப்பு ஒன்றும் கூடாது. காரம் பாலிகார்பனேட்டின் கொடிய விரோதி. ஆகவே கோடையில் நிழலுக்காக இக்கூரையின்மேல் சுண்ணாம்பு அடிப்பதும் தவறு. சாயச்சாலைகளை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். வாட் சாயம் போடுமிடத்தில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் கொதிக்கின்றன. நீராவியோடு எழும் காஸ்டிக் துளிகள் பாலிகார்பனேட்டை அரிக்கும். ஹைட்ரோஸ் சிதையும்போது எழும் கந்தகப் புகையின் தன்மையை மேலே கண்டோம். சாயத்தொட்டிக்கு நேர் மேலே இத்தகட்டைப் பதிக்காமல், வெளிச்சத்திற்குச் சுவரில் சாளரம் வைப்பதே சிறந்தது.

பைபர் ஷீட்டும் ஏணியும்

தறிக்கூடத்தில் வெளிச்சம் அத்தியாவசியம். அறுந்த பாவிழையை இருட்டில் யார் கண்டு பிணைப்பது? அதற்காகவே கல்நார்த் தகடுகளின் வரிசையில் ஆங்காங்கே பைபர் ஷீட் இடப்படுகிறது. வெயிலும் மழையும் மாறி மாறிப் படும்போது அதன் மேற்பரப்பிலுள்ள பிசின் தேய்ந்துபோக, உள்ளிருக்கும் கண்ணாடி இழைகள் வெளியே தலைகாட்டுகின்றன. இழைகளுக்கிடையே தூசியும் பூசணமும் தங்குகின்றன. நிறம் பழுப்பாகி ஒளி குறைகிறது. அந்தப் பழுப்பையே நாம் தூசி என்று கருதினோம். அது பிசின் போய்விட்டதன் அடையாளம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

ஒளி குறைவதைவிடப் பெரிய ஆபத்து வேறு. மேலிருந்து பார்த்தால் அழுக்கேறிய பைபர் ஷீட்டும் கல்நார்த் தகடும் ஒரே நிறத்தில், ஒரே நெளிவில் தோன்றும். கால் வைப்பவருக்கு வேற்றுமை தெரியாது. கல்நார்த் தகடும் மிதிப்பதற்கு உரியதன்று. ஆனால் மூத்த பைபர் ஷீட் ஓர் ஆளின் பாரத்தைச் சிறிதும் தாங்காது. கூரைமேல் எவரும் ஏறாதிருப்பதே நலம். ஏறியே ஆக வேண்டுமானால், இரண்டு குறுக்குச் சட்டங்களின்மேல் படியும்படி நீண்ட பலகை இட்டு, அதன்மேல்தான் நகர வேண்டும். மழையில் ஏறவே கூடாது. ஒளித்தகடுகளின்கீழ் கனத்த கம்பிவலையை அடித்து வைப்பது ஓர் ஆளின் உயிருக்கு ஈடான செலவன்று. ஒழுக்கைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதும் தீர்மானப் புத்தகத்தில் இருக்கட்டும். நாம் கூறிய சங்கத்தில் அப்படி ஒருவரும் நியமிக்கப்படவில்லை. ஒழுகிய தறிக்கு உரியவரே ஏணியைச் சாத்தினார்.

கணக்கில் எழுத வேண்டியது

பசுமைக்குடிலை மொத்தமாக ஒரே சொத்தாகப் பதிந்து, ஒரே விகிதத்தில் தேய்மானம் எழுதும் பழக்கம் பல சங்கங்களில் உள்ளது. இரும்புச் சட்டத்தின் ஆயுளும் தாளின் ஆயுளும் வெவ்வேறானவையாதலால் இது சரியன்று. உதாரணத்திற்குத் தாளின் விலை ரூ. 1,80,000 எனவும் ஆயுள் மூன்றாண்டு எனவும் கொள்வோம். மாதம் ரூ. 5,000 தனியே ஒதுக்கினால் முப்பத்தாறாம் மாதம் புதுத் தாளுக்குப் பணம் கையில் இருக்கும். அதே தாள் கந்தகத்தால் இருபது மாதத்தில் கிழிந்தால், அது மாதம் ரூ. 9,000 தின்றதாக ஆகிறது. குடிலுக்கு வாங்கிய கடனின் தவணை ஏழாண்டு ஓடுமானால், கடன் தீருமுன் இருமுறை தாள் மாற்ற வேண்டிவரும் என்பதையும் கடன் மனுவைப் பரிசீலிக்கும் நாளிலேயே நிர்வாகக் குழுவினர் கணக்கிட வேண்டும்.

தாள் எந்நிலையில் உள்ளது என்பதை அங்கத்தினரே சோதிக்கலாம். புதுத் தாளில் விரலகலத் துண்டொன்றை வெட்டி இழுத்தால், அறுமுன் தன் நீளத்தைப்போல் பல மடங்கு நீளும். அந்த நீட்சி பாதியாகக் குறைந்தால் தாளின் ஆயுள் முடிந்ததென விஞ்ஞானிகள் கொள்கின்றனர். ஆண்டுக்கொருமுறை, குழாயருகே தாளின் உபரி விளிம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி இழுத்துப் பார்த்தால் போதும். ஒப்பிட்டுப் பார்க்க மூலத்துண்டு வேண்டுமல்லவா? ஆகையால் தாளோ தகடோ வந்திறங்கிய அன்றே ஒரு சாண் துண்டை வெட்டி, அதன்மேல் பதித்த தேதி, சுருள் எண், பில் எண் ஆகியவற்றை எழுதி, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, வெயில் படாமல் சங்கத்துப் பீரோவில் வைத்துவிட வேண்டும். தறிக்கூடத்தில் இப்போது பதித்துள்ள புதுத் தகடுகளின் துண்டு அச்சங்கத்துப் பீரோவில் இருக்கிறது. சென்ற ஆய்வின்போது அதனை வெளியில் எடுத்து, ஏணிமேல் நின்று, கூரைத் தகட்டின் அருகே வைத்துப் பார்த்த பின்னரே நாம் படிவத்தை நிரப்பினோம்.